கட்டணம் கட்டினால் ‘ஆல்-அமெரிக்கன்’ என்று வரும் அழைப்புகள்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மகனோ மகளோ தேசிய அளவிலான ‘ஆல்-அமெரிக்கன்’ (நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான பட்டம்) ஷோகேஸ் ஆட்டத்துக்கு, அதாவது கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் ஆட்டத்துக்குத் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்து, அதன் அடியிலேயே கட்டணம் செலுத்தக் கடைசித் தேதியும் குறித்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

பதினோராம் வகுப்புக்குப் போகவிருந்த எங்கள் மகனுக்குக் கடந்த கோடையில் அப்படியொரு கடிதம் வந்தது. தேர்வுக் குழு ஒன்று அவன் ஆட்டத்தைக் கவனித்து அவனைத் தேர்ந்தெடுத்ததாகவும், ஆகஸ்ட் இறுதியில் ஃபுளோரிடாவில் நடக்கும் ஆட்டத்தை கல்லூரி விளையாட்டின் உயர்நிலையான முதல் பிரிவுப் (டிவிஷன் I) பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் நேரில் வந்து பார்க்கப்போவதாகவும் அதில் எழுதியிருந்தது. பதிவுக் கட்டணம் 595 டாலர். அமைப்பாளர்கள் சொல்லும் விடுதியில்தான் தங்க வேண்டும். பெற்றோருக்கு நுழைவுச்சீட்டு தனி. ஆட்டத்தின் காணொளிக்கும் தனிக் காசு. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடும் பையனைக் கடிதம், கூடைக்கு அருகில் ஆடும் சென்டர் என்று குறிப்பிட்டிருந்தது. கேட்டபோது தட்டச்சுப் பிழை என்று மிகுந்த மரியாதையுடன் பதில் சொன்னார்கள். மதுரையிலுள்ள தாத்தா பாட்டிக்கு அவனே அழைத்துச் செய்தியைச் சொல்லியிருந்தான்.

அங்கே போய்ப் பார்த்தால், ஒரே கூடத்தில் பல ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் ‘நட்சத்திர’ ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அணிக்குப் பதினைந்து பேர். ஆட்டம் நின்றபோதும் கடிகாரம் நிற்காமல் ஓடியது. எங்கள் மகனுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள்தாம். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் கடைசிவரை ஒருவரும் வந்து அமரவில்லை. கூடைப்பந்தையே விட்டுவிட்ட தன் மூத்த மகனுக்கும் அதே கடிதம் வந்ததாக விடுதியில் சந்தித்த இன்னொரு தந்தை சொன்னார். கட்டணம் கட்டத் தயாரான எல்லோரையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

பயிற்சியாளர்கள் வராததற்குக் காரணத்தை ஊர் திரும்பிய பிறகு பள்ளியின் கோச் விளக்கினார். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் எந்த நாட்களில் வெளியே சென்று மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் நாட்காட்டி வெளியிடுகிறது. பள்ளி அணிகள் சாராத போட்டிகளை அவர்கள் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஏப்ரல், ஜூலை போன்ற மாதங்களில் வரும் சில நாட்கள் மட்டுமே. அதிலும் அந்தப் போட்டி என்.சி.ஏ.ஏ.விடம் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் அங்கே வந்து உட்காரவே விதி இடம் தராது. அதாவது, கடிதத்தில் இருந்த முக்கியமான வாக்குறுதி, எழுதப்பட்ட அன்றே நிறைவேற முடியாததாக இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்காட்டி தெரியாமல் இருக்க வழியில்லை. இதை நான் மோசடி என்றே சொல்வேன்.

உண்மையான நட்சத்திர ஆட்டங்கள் நடக்கும் முறையே வேறு. மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டத்துக்கு முதல் அணி 1977இல் தேர்வானது. பெண்கள் ஆட்டம் 2002இல் சேர்ந்தது. மைக்கேல் ஜோர்டன் 1981இலும் லெப்ரான் ஜேம்ஸ் 2003இலும் அதில் ஆடியவர்கள். நாடு முழுவதிலுமிருந்து ஆண்களில் 24 பேர், பெண்களில் 24 பேர். எல்லோரும் பள்ளியின் இறுதியாண்டு மாணவர்கள். எவரும் இடத்துக்காகப் பணம் கட்டுவதில்லை. அமெரிக்க இளைஞர் அணியும் பிற நாட்டு இளைஞர்களின் உலக அணியும் மோதும், 1995இல் தொடங்கிய நைக்கி ஹூப் சம்மிட்டும் அழைப்பின் பேரில் நடப்பதுதான். 1998இல் அதில் உலக அணிக்காக 33 புள்ளிகள் எடுத்த பிறகே ஜெர்மானிய இளைஞரான டிர்க் நோவிட்ஸ்கியை அமெரிக்கா பரவலாக அறிந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த ஆட்டங்கள் நடக்கும் காலம். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் நடக்கும் இவற்றில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்திருப்பார்கள். நட்சத்திர ஆட்டம் என்பது பல்கலைக்கழகங்கள் ஒரு மாணவனைத் தேடிவந்த பிறகு அவனுக்குக் கிடைக்கும் மரியாதை. அதில் ஆடினால் பல்கலைக்கழகங்கள் தேடிவரும் என்று விற்பவர்கள், வரிசையையே தலைகீழாக மாற்றிச் சொல்கிறார்கள்.

அழைப்பு வந்தால் முதலில் பள்ளிக் கோச்சிடம் காட்டுங்கள். போட்டி நடக்கும் தேதியை என்.சி.ஏ.ஏ. நாட்காட்டியோடும், சான்று பெற்ற போட்டிகளின் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்குக் கடைசிவரை ஒரு பெயர்கூடத் தரவில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை வழங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘முழு உதவித்தொகை’ என்ற பேச்சை எந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். திருப்பித் தர இயலாது, அடுத்த ஆண்டு ஆட்டத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்ததால் அந்தக் கட்டணத்தை ஏற்க முடியாது என்று வங்கியில் மறுப்புத் தெரிவித்திருக்கிறோம். பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் அளித்துள்ளோம். வங்கியின் விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.