மேயரை நாம் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா?

காசிமேட்டு டீக்கடையில் அடிக்கடி வரும் சண்டை இது. 1996-ல் சென்னை மக்கள் நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள், மு.க.ஸ்டாலின் ஜெயித்தார். 2001-லும் 2011-லும் நேரடித் தேர்தல்தான். 2006-லும் 2022-லும் நம் கையில் ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. மேயரை கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள்; இதுதான் மறைமுகத் தேர்தல்.

நேரடித் தேர்தலில் மேயர் வேட்பாளர் வியாசர்பாடிக்கும் வரணும், அடையாறுக்கும் போகணும். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றி மேடையில் வாயைத் திறந்தே ஆகணும். மறைமுகத்தில் அவர் ஒரு வார்டில் ஜெயித்தால் போதும். மீதியைக் கட்சித் தலைமை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நேரடி முறையில் ஒரு சிக்கல்: மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்று அமைந்தால் தீர்மானம் எதுவும் நகராது. மறைமுகத்தில் அந்த இழுபறி குறைவு. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளணும்: 2022-ல் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, நம்ம திரு.வி.க. நகர்ப் பக்கத்து 74-வது வார்டிலிருந்து பிரியா ராஜன் மேயரானது மறைமுகத் தேர்தலில்தான். இடஒதுக்கீடு செய்த வேலை அது. நேரடித் தேர்தலிலும் செய்யும்.

எனக்கு நேரடி முறைதான் பிடிக்கும். என்ன, எப்படி வந்த மேயரானாலும் நிர்வாகச் சாவி அரசு நியமிக்கும் ஆணையரிடம். தண்டையார்பேட்டையில் மழைத்தண்ணி நின்றால் நாம் முதலில் திட்டுவது என்னவோ கவுன்சிலரைத்தான்.