செர்மாட்டில் ஏழு குளிர்காலம்: கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையூரான செர்மாட்டுக்கு ஸ்கி ஓட, அதாவது பனியில் சறுக்கி விளையாட, போகலாமா, அவ்வளவு காசு கொடுப்பது சரியா என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு ஸ்கி ஓடத் தெரியுமா? இனித்தான் பழக வேண்டும் என்றால் அங்கே போகாதீர்கள். பழகுகிற ஆளுக்குத் தேவை இருநூறு மீட்டர் சரிவும், விழுந்தால் வலிக்காத பனியும், பொறுமையான ஒரு ஆளும். அதற்கு நாளொன்றுக்கு நூறு பிராங்க் தேவையில்லை.

நாங்கள் பேர்ணில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். 2018 மார்ச்சில் முதல்முறை போனோம். 2020இல் மட்டும் போகவில்லை, மார்ச் 13ஆம் திகதி அரசாங்கம் லிஃப்டுகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டது, எங்கள் பை கட்டியபடியே கிடந்தது. மற்றபடி 2025 வரை ஏழு குளிர்காலம். அதில் ஆறு தரம் இரண்டு மூன்று நாள், ஒரே ஒரு தரம் முழு வாரம். அந்த முழு வாரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் எரிகிறது.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். என் கணவர் தொண்ணூறுகளில் அகதியாக வந்து, செர்மாட் இருக்கிற வலே மாநிலத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மூன்று குளிர்காலம் கோப்பை கழுவியவர். விருந்தாளிகள் மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட, இவர் மலையைப் பார்த்தது குப்பை கொட்டப் பின்கதவைத் திறக்கும்போது மட்டும். அதனால் "அங்க போய்க் காசு குடுக்கிறதோ?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் கணக்குச் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. அவர் ஸ்கி கட்டியது நாற்பத்தாறு வயதில், அதுவும் பிள்ளைகள் முன்னால் அவமானப்படக் கூடாதே என்றுதான்.

பிள்ளைகள் பழகியது வேறு இடத்தில். பேர்ணுக்குப் பக்கத்தில் கான்ட்ரிஷ் பகுதியில் செலிட்டால் என்று சின்ன இடம், கம்பியில் தொங்கும் கட்டையைப் பிடித்து மேலே போகிற பழைய லிஃப்ட். பிறகு பாடசாலை ஸ்கி முகாம். 2017 கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம், கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் நாளொன்றுக்குப் பத்து முதல் பதினாறு பிராங்க் வரைதான் வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஒரு வாரம் முகாமுக்குப் போன பிள்ளை, நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதையில் இறங்குகிற அளவுக்கு வந்துவிடும். அதே வாரத்தைச் செர்மாட்டில் ஸ்கி ஆசிரியர் வைத்து வாங்கினால் விலை எங்கேயோ போய் நிற்கும்.

அப்படியென்றால் செர்மாட்டில் எதற்குத்தான் காசு? உயரத்துக்கு. இதை நான் விளங்கிக்கொள்ள ஐந்து வருடம் எடுத்தது. 2023 புதுவருடத்தன்று ஆல்ப்ஸுக்கு வடக்கே இருபது பாகை வெப்பம் பதிவானது, ஜனவரி முதலாம் திகதி! கீழ்மட்டத்து ஸ்கி இடங்களில் பச்சைப் புல்லும் நடுவில் ஒரு கோடு செயற்கைப் பனியும்தான். செர்மாட் ஊரே 1,600 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து கேபிள் காரில் கிளைன் மாட்டர்ஹோர்ன் சிகரம் வரை போனால் 3,883 மீட்டர், ஐரோப்பாவிலேயே மிக உயரமான கேபிள் கார் நிலையம் அது. தேயோடுல் பனிப்பாறையில் கோடையிலும் ஸ்கி ஓடுகிறார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் மற்ற இடங்களில் மத்தியானத்துக்கு மேல் பனி கஞ்சியாகும்போது இங்கே மேலே இன்னும் காலால் தட்டினால் சத்தம் கேட்கும். ஆனால் அதையும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். 2022, 2023 என்று இரண்டே வருடத்தில் சுவிஸ் பனிப்பாறைகள் தங்கள் கனவளவில் பத்து வீதத்தை இழந்திருக்கின்றன.

அடுத்தது தூரம். உச்சியில் தொடங்கி ஊர் வரைக்கும் இறங்கினால் 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம், இத்தாலிப் பக்கத்தையும் சேர்த்தால் 360 கிலோமீட்டர் பாதை. எங்களுக்கு நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடினாலே தொடை நடுங்கும், ஆகவே 360 என்பது எங்களுக்கு வெறும் இலக்கம். இருந்தாலும் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாமல் இருப்பது, ஒரே இறக்கத்தில் அரைமணி நேரம் நிற்காமல் போவது, இது சின்ன இடங்களில் கிடைக்காது. மகன் இதற்காகவே வருகிறான்.

பகுதிகள் மூன்று: வெயில் விழும் சுன்னெக்கா–ரோட்ஹோர்ன், நடுவில் கோர்னர்கிராட், அப்புறம் பனிப்பாறைப் பக்கம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறலாம், ஆனால் அதற்கே காலை பாதி போய்விடும். முதல் வருடம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடி, பெரும்பாலும் லிஃப்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தோம். இப்போது ஒரு நாளைக்கு ஒரு பக்கம். குளிரான நாளில் சுன்னெக்கா, வெயில் ஏறின மார்ச் நாளில் பனிப்பாறை. கோர்னர்கிராட் ரயில் எனக்குப் பிடித்த லிஃப்ட், 1898இல் தொடங்கிய பற்சக்கர மின்ரயில், உள்ளே சூடாக இருந்துகொண்டு 3,089 மீட்டருக்குப் போய் இறங்கலாம், கை விறைக்காது. குறை என்னவென்றால் ஸ்கி தெரியாத சுற்றுலாக்காரர்களும் அதே ரயிலில்தான், பத்து மணிக்குப் பிறகு ஸ்கியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நிற்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 2025 மார்ச், இரண்டு இரவு, இரண்டு நாள் ஸ்கி, நான்கு பேர்: மொத்தம் 1,400 பிராங்குக்குக் கொஞ்சம் மேல். லிஃப்ட் சீட்டுக்கு ஏறக்குறைய 500, தங்குமிடம் 420, எங்கள் இருவருக்கும் ஸ்கியும் சப்பாத்தும் வாடகைக்கு 180 அளவில், பேர்ணிலிருந்து ரயில் 160, மிச்சம் சாப்பாடு. ரயிலில் எங்களிடம் அரைவிலை அட்டை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஜூனியர் அட்டை. லிஃப்ட் சீட்டில் ஒன்பது வயதுக்குக் கீழே இலவசம், அதற்குப் பிறகு பாதி விலை. முதல் வருடம் பிள்ளைகள் இருவருக்குமே இலவசம் என்பதால்தான் துணிந்து போனோம் என்பது உண்மை. பிள்ளைகளின் ஸ்கியை ஒவ்வொரு ஒக்டோபரும் பேர்ணிலேயே முழுப் பருவத்துக்கும் வாடகைக்கு எடுத்துவிடுவோம், மலையில் போய் எடுத்தால் மூன்று நாளிலேயே அந்தக் காசு போய்விடும். ஒரு வருடம் சோம்பலில் அங்கேயே ஒரு கடையில் எடுத்தோம், மகளுக்குக் காலை விடப் பெரிய சப்பாத்தைப் போட்டு அனுப்பிவிட்டார்கள், அவள் முதல் நாள் முழுக்க அழுதாள், எங்களுக்குக் காரணம் தெரிந்தது மறுநாள்தான்.

தங்குமிடம்தான் உண்மையான கத்தி. செர்மாட் ஊருக்குள் பெற்றோல் வாகனம் போக முடியாது, காரில் வருகிற எல்லோரும் ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிட ரயிலில் போக வேண்டும். அந்த முழு வாரத்தைத் தவிர, நாங்கள் இரண்டாவது வருடத்திலிருந்து டேஷிலேயே தங்குகிறோம். படுக்கையும் சமையலறையும் அதேதான், விலை ஏறக்குறைய பாதி, காலையில் ஸ்கிச் சப்பாத்தோடு ரயில் ஏறுவதுதான் கரைச்சல். ஆனால் செர்மாட்டில் தங்கினாலும் கரைச்சல் இல்லாமல் இல்லை, ஊர் நீளமானது, பனிப்பாறைப் பக்கக் கேபிள் கார் ஊரின் ஒரு கோடியில், ஒன்பது மணி மின்சார பஸ்ஸில் ஸ்கி நுனி யாருடைய கண்ணில் குத்தும் என்று பயந்தபடிதான் நிற்க வேண்டும்.

இப்போது அந்த முழு வாரம். 2022 பெப்ரவரி, பாடசாலை விளையாட்டு விடுமுறை. ஒரு தடவையாவது வசதியாக இருப்போமே என்று ஊருக்குள் வீடு எடுத்தோம், மகளுக்கு ஐந்து அரைநாள் ஸ்கி வகுப்பும். 5,000 பிராங்க் தாண்டியது. ஆறு நாளில் இரண்டு நாள் காற்று, மேல் லிஃப்டுகள் ஓடவில்லை, திறந்திருந்த கீழ்ப்பாதைகளில் எல்லோரும் ஒன்றாக. காற்றுக்கு யாரைக் குற்றம் சொல்வது, மலை அப்படித்தான். ஆனால் உயரத்துக்குத்தான் காசு என்று சொன்னேனே, அந்த உயரமே மூடிக்கிடக்கும் நாளில் நீங்கள் வாங்கியது ஒன்றுமில்லை. வீட்டு முகவர் கடைசியில் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி நீட்டினார். கணவர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "நான் துடைச்ச காலத்தில எனக்கு இவ்வளவு தரேல்லையே" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பெப்ரவரியில் போவதில்லை. மார்ச் நடுப்பகுதியில், வானிலையைப் பார்த்து, வாரநாளில், ஆசிரியர் கூட்டம் என்று பாடசாலை விடும் நாளோடு ஒரு வெள்ளியைச் சேர்த்துக்கொண்டு போகிறோம். சீட்டை முன்கூட்டி இணையத்தில் வாங்குவோம், நாளைப் பொறுத்து விலை மாறும்.

சாப்பாட்டுக்கு எங்களுக்கு வழி தெரியும். மலையில் ஒரு தட்டு ரோஸ்டி (துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு) இருபத்தைந்து பிராங்குக்குக் குறையாது, நான்கு பேர் உட்கார்ந்து எழும்பினால் நூற்று முப்பது. ஃபிண்டல்ன் என்ற மலைக்குக்கிராமத்தில் மர வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, பேர்போன மாட்டர்ஹோர்ன் சிகரத்துக்கு நேர் எதிரே, அங்கே வருடத்தில் ஒரு தடவை சாப்பிடுவோம், அதற்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை. மற்ற நாளெல்லாம் முதுகுப்பையில் மீன் ரோல்ஸ், குடுவையில் இஞ்சித் தேநீர். 2021இல் கொரோனாவால் உணவகங்கள் மூடியிருந்தபோது மில்லியனர்களும் எங்களைப் போலப் பனியில் இருந்து பாணைக் கடித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ரோல்ஸின் வாசத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஒன்று கொடுத்தோம்.

மலிவாகச் சாப்பிட இன்னொரு வழி இத்தாலி. சர்வதேசச் சீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கட்டினால் எல்லை தாண்டி செர்வீனியாவுக்கு இறங்கலாம், கடவுச்சீட்டு கேட்பார் இல்லை, காப்பி இரண்டு யூரோ, இந்தப் பக்கம் ஐந்து பிராங்குக்கு மேல். பாஸ்தாவும் நன்றாகவே இருக்கும். ஆனால் நேரம் பார்க்க வேண்டும். கடைசி லிஃப்டைத் தவறவிட்டாலோ காற்று எழும்பி லிஃப்டை நிறுத்தினாலோ மலையைச் சுற்றிப் பல மணி நேரம் வாகனத்தில்தான் திரும்ப வேண்டும், அந்த வாடகைக் காசுக்கு ஃபிண்டல்னில் குடும்பமே ஒரு வாரம் சாப்பிடலாம். நாங்கள் இரண்டு மணிக்கே திரும்பிவிடுவோம்.

காப்புறுதி பற்றி எம்மவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கிழமைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு முதலாளியின் விபத்துக் காப்புறுதி ஸ்கி விபத்துக்கும் பொருந்தும். 2023இல் கணவர் முழங்காலை முறுக்கிக்கொண்டபோது அதுதான் கட்டியது. பிள்ளைகள் அப்படி இல்லை, அவர்களுக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதிதான், மீட்புச் செலவில் பாதியை மட்டும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்க் வரை. ரேகா என்ற சுவிஸ் வான்வழி மீட்புச் சேவையின் அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வலே மாநிலத்தில் மீட்புக்கு வருவது ஏர் செர்மாட், ஏர் கிளேசியர்ஸ் ஹெலிகொப்டர்கள், அவர்களுக்கென்று தனி மீட்பு அட்டை எடுக்க வேண்டும். எங்களுக்கு இதைச் சொன்னதே முழங்காலுக்குக் கட்டுப்போட்ட தாதிதான். கணவர் விழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: பின்னேரம் நான்கு மணிக்கு, ஃபூரிக்கு இறங்கும் ஒடுங்கிய பாதையில், களைத்த ஆயிரம் பேரோடு. ஐஸ் மாதிரி இறுகியிருக்கும். இப்போது அந்த நேரத்தில் நாங்கள் எல்லோருமே கேபிள் காரில் இறங்குகிறோம், வெட்கப்படுவதில்லை.

ஸ்கி ஓடாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், போகலாம், அவர்களுக்குத்தான் செலவு குறைவு. 2024இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்திருந்தார். சேலைக்கு மேலே என் ஜாக்கெட், காலில் மகனின் பனிச்சப்பாத்து. கோர்னர்கிராட்டில் இறங்கினால் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இருபத்தொன்பது சிகரங்கள் சுற்றிவர நிற்கும், நடுவில் மாட்டர்ஹோர்ன். மாமி பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கீழே தலைகுப்புற விழுந்து எழும்பிய ஒருவரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு குடுத்து விழுறதுக்கோ வாறவை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் விழுந்தது அவருடைய மகன்.

முதல் வருடத்தில் நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன், 2018 ஜனவரியில், பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடி 13,000 விருந்தாளிகள் ஊருக்குள் அகப்பட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி கனத்த பனி, ஊர் துண்டிக்கப்பட்டது, மின்சாரமும் போனது. திங்கட்கிழமை வேலைக்கு நிற்க வேண்டியவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு மலையைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

வருகிற பெப்ரவரியில் மகனுக்குப் பதினாறு ஆகிறது. லிஃப்ட் சீட்டில் பாதி விலை முடிந்து, பெரியவர்கள் விலையில் எண்பத்தைந்து வீதம் கட்ட வேண்டும். வித்தியாசத்தை நீ உழைத்துக் கட்டு என்று சொல்லியிருக்கிறேன். டேஷில் ஒரு உணவகத்தில் விடுமுறைக்கு ஆள் தேடுகிறார்களாம், கோப்பை கழுவ. அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.