ஒரே கட்டடம், இரண்டு விதக் குளிர்ச்சி

ஏசி செலவைக் குறைக்கும் வழிகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களின் கரண்ட் பில்லைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஒன்றில் கண்ணாடி அதிகம், இன்னொன்றில் ஆட்கள் அதிகம். அந்தக் கணக்கை வைத்து எதை முடிவு செய்வது? ஹைதராபாத்தை ஒட்டிய போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் கட்டிய எஸ்டிபி-1 அலுவலகம் இந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. சுமார் இரண்டரை லட்சம் சதுர அடிக் கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் காற்றாலும் மறுபாதியை நீராலும் குளிர்வித்தார்கள். வெயிலை அளவோடு உள்ளே விடும் ஜன்னல்கள், வெப்பம் தடுக்கும் சுவர்கள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

காற்றுப் பாதியை ஏனோதானோவென்று அமைக்கவில்லை. தேவைக்கேற்பக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தரமான ஏற்பாடு அது. நோஞ்சானோடு மோதவிட்டு ஜெயித்த கதையாக இது ஆகிவிடவில்லை என்பதாலேயே இந்த ஒப்பீட்டை நம்புகிறேன்.

நீர்ப் பாதியில் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். வெயிலில் நடந்து வந்து கோயில் கல்மண்டபத்தில் நுழைந்ததும், காற்றே வீசாமல் உடம்பு குளிருமே, அதே சங்கதிதான். தளம் குளிர்ந்திருந்தால் கீழே இருப்பவர்களின் வெப்பத்தை நேராக வாங்கிக்கொள்ளும். சுவாசிக்கத் தேவையான புதுக் காற்று மட்டும் ஈரம் நீக்கப்பட்டுத் தனியாக வரும்.

அளந்து பார்த்ததில், குளிரூட்டலுக்கான மின்சாரம் நீர்ப் பாதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணம் எளிது. ஒரே கனஅளவில் நீர், காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். பெரிய விசிறிகளின் வேலையைச் சின்ன பம்ப் முடித்துவிடுகிறது. அப்புறம், காற்று முறையிலும் காற்றைக் குளிர்விப்பது குளிர்ந்த நீர்தான்; அந்த நீரை 7, 8 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். தளத்துக்குச் சுமார் 14 டிகிரியே போதும் என்பதால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்கும் பளு குறைகிறது. கட்டும்போது ஆன செலவோ இரண்டு பாதிக்கும் கிட்டத்தட்ட சமம்.

சரி, நீர் முறையில் சிக்கலே இல்லையா? உண்டு. அறைக்குள் ஈரக்காற்று புகுந்தால் குளிர்ந்த தளத்தில் நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கதவு திறந்து மூடியபடி இருக்கும் ஜவுளிக்கடைக்கு இதை நான் சொல்லமாட்டேன். கல்யாண மண்டபத்துக்கும் வேண்டாம். திடீரென்று ஆயிரம் பேர் கூடினால் கான்கிரீட் அவ்வளவு வேகமாக ஈடுகொடுக்காது. சுற்றிலும் கண்ணாடி போர்த்திய கட்டடத்தின் வெப்பத்தையும் தளம் மட்டும் சமாளிக்க முடியாது. காலை முதல் மாலை வரை ஒரே சீராக இயங்கும் அலுவலகத்துக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு மெனக்கெடாமல் மொட்டைமாடியில் சோலார் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த நீர்ப் பாதியின் மிச்சம் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் யூனிட். ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 யூனிட் தரும். அப்படியானால் அதே பலனுக்கு 100 கிலோவாட் வேண்டும். நிழல் விழாத இடமும் 10,000 சதுர அடி வேண்டும். அடுக்குமாடி அலுவலகத்தில் அவ்வளவு மாடி ஏது? அதனால் என் ஓட்டு முதலில் குழாய்க்கு. சோலாரும் கட்டாயம் வேண்டும்; ஏசியின் பசியைக் குறைத்த பிறகு போட்டால், அதே பேனல்கள் கட்டடத்தின் தேவையில் இன்னும் பெரிய பங்கை ஈடுகட்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடக்காரர்களுக்கு வரிசை வேறு. தளத்தை உடைத்துக் குழாய் புதைக்க முடியாது. அவர்கள் மாடிக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, ஏசியை 24 டிகிரியில் வைத்து, கூடவே குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறியைச் சுழலவிட்டாலே பில்லில் வித்தியாசம் தெரியும். சோலாருக்கு எத்தனை கிலோவாட் என்பதை அந்தப் புதிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.