108 மெகாபிக்சல் போனோடு சில வருடங்கள்

பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு நடுத்தர விலைப் போனைச் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எந்தப் போன் கடைக்குப் போனாலும் இன்றைக்கும் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் எண்தான், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற கணக்கு. ஆனால் என் கலரியில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை 12 மெகாபிக்சல். இந்த ரகச் சென்சர், அதாவது கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, ஒன்பது சின்னப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் படத்தைத் தருகிறது. முழு 108 வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் மோடுக்குப் போக வேண்டும்.

அந்த மோடு வீண் என்று சொல்லமாட்டேன். நல்லூர்த் தேரன்று காலை வெயிலில், சனத்துக்குப் பின்னால் நின்று எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வடம் பிடித்தவர்களின் முதுகில் வழிந்த வியர்வை வரை தெரிந்தது. சாதாரண மோடில் எடுத்ததில் அதே இடம் கலங்கிக் கிடந்தது. என்ன, ஒவ்வொரு படமும் போனில் நிறைய இடம் பிடிக்கும்.

பொழுதுபட்டால் கதை வேறு. அம்மம்மா சாமியறையில் விளக்கு ஏற்றும்போது 108இல் எடுத்தேன். நரைமுடி முழுக்க ஒரே வெள்ளைப் பூச்சு, கன்னத்துச் சுருக்கங்களைக் காணவில்லை. அக்காவின் ஐபோன் 12இல் இருப்பது வெறும் 12 மெகாபிக்சல். அவ எடுத்த படத்தில் சேலைக் கரையின் நூல்வேலை கூடத் தெளிவு.

காரணம் வெளிச்சம். ஒரு பரப்புக் காணியை எத்தனை வேலி போட்டுப் பிரித்தாலும் அதில் விழும் மழை அதேயளவுதான். சென்சரை எத்தனை பிக்சலாகப் பிரித்தாலும் அதில் விழும் வெளிச்சமும் அப்படித்தான். சென்சரின் பரப்பளவு, லென்ஸ், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ், பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் மென்பொருள், இவைதான் இரவுப் படத்தைத் தீர்மானிக்கின்றன. கூகுள் 2017இன் பிக்சல் 2 முதல் 2020இன் பிக்சல் 5 வரை பிரதான கமராவை 12.2 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. அந்தப் போன்களின் இரவுப் படங்களை எல்லோரும் மெச்சினார்கள். மறுபக்கம், 2012இலேயே நோக்கியா 808 பியூர்வியூ 41 மெகாபிக்சலோடு வந்து அசத்தியது. அதற்குள் இருந்த சென்சர் அந்தக் காலத்துப் போன்களில் பார்க்காத அளவுக்குப் பெரியது.

கனடாவில் இருக்கும் சித்திக்கு வாட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பினால் படம் எப்படியும் சுருங்கித்தான் போய்ச் சேரும். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்கவே 9 மெகாபிக்சல் போதும். எனக்கு உண்மையிலேயே எரிச்சல், பின்பக்கத்தில் எண்ணிக்கைக்காக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் மாக்ரோ கமராவில், அதாவது மிகக் கிட்ட வைத்து எடுப்பதற்கான கமராவில்தான். செவ்வரத்தம் பூவைக்கூட அதில் ஒழுங்காக எடுக்க முடியவில்லை.

போன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரத் தம்பியிடம் சென்சர் அளவைக் கேளுங்கள். 1/1.5 அங்குலம் என்றால், 1/2.8ஐ விடப் பெரியது. பிறகு கடைக்குள்ளேயே, வெளிச்சம் குறைந்த மூலையில் கூட வந்தவரை நிறுத்தி ஒரு படம் எடுத்து, கண் இமைவரை பெரிதாக்கிப் பாருங்கள். கையை ஆட்டச் சொல்லி இன்னொன்றும் எடுங்கள்.