லார்ட்ஸ் மைதானச் சுற்று: எதிரணி அறையில் கொஞ்சம் நில்லுங்கள்

லண்டன் போகிறேன், லார்ட்ஸ் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிரிக்கெட் பைத்தியம் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். இல்லையென்றால் வேண்டாம், காலி மைதானமும் பழைய நாற்காலிகளும்தான் கண்ணுக்குத் தெரியும். ஜூபிலி லைனில் செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. பெரிய மேட்ச் நடக்கும் நாட்களில் சுற்று கிடையாது.

மியூசியத்தில் இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரின் சின்னமான ஆஷஸ் கிண்ணம் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும். 1936-இல் ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் அடிபட்டுச் செத்த குருவியைக்கூடப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வீரர்கள் மைதானத்துக்குப் போகும் வழியிலுள்ள பெரிய கூடமான லாங் ரூம் அழகுதான், ஆனால் படங்களில் பார்த்துப் பழகியது.

நான் காத்திருந்தது எதிரணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்கு. இங்கே டெஸ்டில் சதம் அடித்தவர்கள், ஐந்து விக்கெட் எடுத்தவர்கள் பெயரெல்லாம் சுவர்ப் பலகையில் இருக்கும். அகர்கர் இருக்கிறார், டெண்டுல்கர் இல்லை. எங்கள் குழுவிலிருந்த இந்தியர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கண் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் பக்கம் போனது. முகமது ஆமிர், 2010, 84 ரன்னுக்கு 6 விக்கெட். அவ்வளவுதான். பக்கத்தில் நட்சத்திரக் குறி கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது.

அந்த ஆறு விக்கெட் விழுந்த அதே மேட்சில்தான் ஆமிரும் இன்னொரு பந்துவீச்சாளரான ஆசிஃபும் காசுக்காக வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி வீசிய நோ-பால்களும் விழுந்தன. மூன்றாவது ஓவரின் முதல் பந்து, பத்தாவது ஓவரின் கடைசிப் பந்து என்று பாகிஸ்தான் வீரர்களின் ஏஜென்ட் மஜீத் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே நடந்தது. தொழிலதிபர் போல வேஷம் போட்டுப் போன ஒரு ஞாயிறு பத்திரிகையின் நிருபர் இதற்காக மஜீத்திடம் கொடுத்த தொகை ஒன்றரை லட்சம் பவுண்டு. ஆமிருக்கு அப்போது வயது 18.

வழிகாட்டியாக வந்த பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மழுப்பவில்லை. "எடுத்த விக்கெட் எடுத்ததுதானே, மற்றதைக் கோர்ட் பார்த்துக்கொண்டது" என்றார். சரிதான். லண்டன் சதர்க் கோர்ட்டில் 2011 நவம்பரில் கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு ஒரு வருடம், குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆமிருக்கு 6 மாதம் சிறைத் தண்டனை. கிரிக்கெட்டில் தடை அது தனி, ஆமிருக்கு ஐந்து வருடம். அதையும் முடித்துவிட்டு 2016-இல் இதே லார்ட்ஸில் மறுபடி டெஸ்ட் ஆடினார். கடைசி விக்கெட்டாக ஜேக் பாலை போல்டாக்கியதும் அவர்தான்.

பெயரை அழித்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயிலுக்குப் போய்வந்தவனை இன்னும் எத்தனை தடவை தண்டிப்பது? பட் கதை வேறு. கேப்டன், விஷயம் தெரிந்தவர், கடைசிவரை கோர்ட்டில் மறுத்தார். 18 வயதுப் பையனைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர்தான், எனக்குக் கோபமெல்லாம் அவர் மேல்தான்.

சேப்பாக்கத்தில் விசிலடித்து வளர்ந்தவன் நான், அதனால் நம்ம ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் ஸ்ரீசாந்த் உட்பட மூன்று வீரர்கள் கைதானார்கள். டெல்லி போலீஸ் தாதாக்களுக்கான மோக்கா சட்டத்தையெல்லாம் போட்டது, 2015-இல் கோர்ட் மூவரையும் விடுவித்துவிட்டது. இங்கிலாந்தில் சூதாட்டச் சட்டத்திலேயே ஏமாற்றுவது குற்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதை வைத்துத்தான் பட், ஆசிஃப், ஆமிர் மூவரையும் பிடித்தார்கள். இலங்கைகூட 2019-இல் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததால் வாரியம் போட்ட தடைதான் மிச்சம். சென்னை அணியும் நிர்வாகப் பக்கத்தில் நடந்த பெட்டிங்குக்காக இரண்டு வருடம் வெளியே இருந்தது. 2018-இல் திரும்பி வந்து கோப்பையை வாங்கியதும் நான் உட்பட யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குழந்தைகளோடு போனால் மியூசியத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள், மீடியா சென்டர்தான் அவர்களுக்குப் பிடிக்கும். மைதானத்தின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட எட்டடி தாழ்வு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.