மேல்கை பிபி மெஷின்: பட்டையைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் பிபி பார்க்க மேல்கையில் கட்டும் மெஷின்தான் சரி. மணிக்கட்டு மாடல் கைக்கு அடக்கம், ஆனால் கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 பாயின்ட் கூட்டிக் காட்டும்.

எந்தக் கம்பெனி என்று மணிக்கணக்கில் அலசுகிறவர்கள்கூடக் கையில் சுற்றும் பட்டையின் அளவைக் கவனிப்பதில்லை. பல மாடல்களில் மெஷினோடு வருவது 22–32 செ.மீ. பட்டை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து பாருங்கள். 36 செ.மீ. வந்தால் அந்தப் பட்டை உதவாது. உள்ளிருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். குறைந்தால் ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், இல்லாத பிபியும் இருப்பதாகத் தெரியும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்காத மாடலைத் தொடவே வேண்டாம்.

இந்த மெஷின் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல சத்தத்தைக் கேட்பதில்லை. காற்றுப்பையில் தெரியும் துடிப்பின் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. பேசினாலோ கையை அசைத்தாலோ அந்தக் கணக்கு குழம்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) உள்ளவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் எண் மாறும்; மூன்று முறை பார்த்து சராசரி எடுப்பதே வழி. துடிப்பு ஒழுங்கற்றது என்று காட்டும் குறி அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுங்கள். குறி வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 1 நிமிடம். இப்படி 7 நாள் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி எடுங்கள். 135/85 வந்தாலே அதிகம்தான். 140/90 என்பது கிளினிக் கணக்கு. மூன்று முறை தானே பார்த்து சராசரி சொல்லும் வசதி இருந்தால் நல்லது. எண்ணை வாசித்துச் சொல்லும் குரல், கண் தெரியாதவர்களுக்கு மட்டும்.

முதலில் கெடுவது மெஷின் அல்ல, வெல்க்ரோ. காற்று ஏறும்போது படபடவென்று பிரிந்தால் பட்டையை மாற்றுங்கள். பம்ப் நிற்காமல் ஓடி எர்ரர் காட்டினால் டியூப் செருகும் இடத்தில் கசிவைத் தேடுங்கள்.