படலம் படலமாகவா, ஒரே அமர்விலா?

எண்ணெய் வண்ணத்தில் ஓர் எலுமிச்சையையும் பித்தளைச் செம்பையும் உள்ளது உள்ளபடி வரையப் பழகுபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் பெரிதும் கையாண்ட படல முறையில், முதலில் பழுப்பு வண்ணத்தால் ஒளியையும் நிழலையும் மட்டும் தீட்டி, அது காய்ந்த பின்னரே நிறங்களை மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். மேலே செல்லச் செல்ல எண்ணெயின் அளவைக் கூட்டாவிட்டால், நாளடைவில் பரப்பு வெடிக்கும்.

ஈரம் காயும் முன்பே ஒரே அமர்வில் முடிப்பது மற்றொரு வழி. பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே 1880இல் வரைந்த சிறிய எலுமிச்சை ஓவியத்தில் அத்தகைய வேகத்தைக் காணலாம். நிழலைத் தொட்ட தூரிகையைத் துடைக்காமல் ஒளிப்பகுதிக்குக் கொண்டுசென்றால் மஞ்சள் சேறாகிவிடும்.

ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே கற்க முடிவதால், தொடக்கநிலையினருக்குப் படல முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் அடிப்படலம் காய்வதற்குள் எலுமிச்சை சுருங்கிவிடும் என்பதால், செம்பை மட்டும் வைத்துத் தொடங்குவது நல்லது.